அறுவை சிகிச்சை பில்லில் தசை தளர்த்தி மருந்து: அம்மாவுக்கும் மச்சானுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

#1 காட்பாடிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன், மருத்துவம் படித்தவன் இல்லை. போன மாதம் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் என்று லேப்ரோஸ்கோப்பியில் எடுத்தார்கள். அதற்கு நாலு மாதம் முன்னால் மச்சானுக்கும் இதே ஆபரேஷன், வேறு ஆஸ்பத்திரியில். இருவரும் இப்போது நன்றாக இருக்கிறார்கள், அதுவே பெரிய நிம்மதி.

நேற்று இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மச்சான் பில்லில் வெக்குரோனியம் 4 மி.கி. குப்பி இரண்டு, நியோஸ்டிக்மின், கிளைக்கோபைரோலேட். அம்மா பில்லில் அட்ராகுரியம் 25 மி.கி. ஆம்பியூல் நான்கு, சுகாமாடெக்ஸ் 200 மி.கி. ஒன்று. அந்தக் கடைசி வரி மட்டுமே நான்கு இலக்கம், மச்சானுக்கு மயக்க மருந்து வகையில் ஆன மொத்தத்தை விட அதிகம். நெட்டில் தேடினால் வெக்குரோனியம், அட்ராகுரியம் இரண்டுமே ‘தசை தளர்த்தி’ என்றுதான் வருகிறது. ஒரே வேலை என்றால் மலிவானதையே எல்லோருக்கும் போடக் கூடாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சத்துவாச்சாரி மருந்தாளுநர்

தம்பி, இருபது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விலை ஏணி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படியில் சக்ஸாமெத்தோனியம், எல்லோரும் ஸ்கோலின் என்று சொல்வது. அதற்கு மேலே வெக்குரோனியமும் அட்ராகுரியமும். அதற்கும் மேலே ரோகுரோனியம், சிஸ்அட்ராகுரியம். இவையெல்லாம் தசையைத் தளர்த்துகிறவை. ஆபரேஷன் முடிந்ததும் அந்தத் தளர்ச்சியை முறிப்பதற்கு வேறு மருந்து வேண்டும். அதில் நியோஸ்டிக்மின் (கூடவே இதயத் துடிப்பு குறைந்துவிடாமல் இருக்கக் கிளைக்கோபைரோலேட்) மிகவும் மலிவு, சுகாமாடெக்ஸ் ஏணியின் உச்சி. ஜெனரிக் கம்பெனிகள் வந்த பிறகு அதன் விலை நன்றாகவே இறங்கியிருக்கிறது, ஆனாலும் மற்றவற்றோடு ஒப்பிட்டால் மலைதான்.

ரூபாய்க் கணக்கு இங்கே எழுதமாட்டேன், காரணம் இருக்கிறது. ஒரே மூலக்கூறுக்கு கம்பெனிக்குக் கம்பெனி எம்.ஆர்.பி. வேறு, ஆஸ்பத்திரி வாங்கும் விலை வேறு. ஸ்கோலின், வெக், அட்ரா மூன்றும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் 2013ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அவற்றுக்கு உச்சவரம்பு உண்டு. சந்தையில் 1 சதவீதத்துக்குக் குறையாமல் பங்கு வைத்திருக்கும் பிராண்டுகளின் விலையைச் சராசரி எடுத்து, அதோடு சில்லறை வியாபாரிக்கு 16 சதவீதம் சேர்த்து அந்த வரம்பை வைக்கிறார்கள். அதற்கு மேல் யாரும் விற்க முடியாது. ஆனால் மொத்தமாக வாங்கும் ஆஸ்பத்திரிக்கு ஸ்டாக்கிஸ்ட் கொடுக்கும் விலை அந்த வரம்புக்கு மிகவும் கீழே இருக்கும். உங்கள் பில்லில் வருவது எம்.ஆர்.பி. மட்டும்தான்.

#3 பாலாறு

இதில் பேச என்ன இருக்கிறது? நோயாளி மயங்கிக் கிடக்கிறான், சொந்தக்காரன் வெளியே பயந்து உட்கார்ந்திருக்கிறான், என்ன எழுதினாலும் கட்டுவான். என் அப்பாவுக்கும் அப்படித்தான் கட்டினேன். விலை ஜாஸ்தியான மருந்து போட்டால் லாபம் ஜாஸ்தி, அவ்வளவுதான் விஷயம்.

#4 மயக்கவியல் குடியாத்தம்

பாலாறு, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ‘அவ்வளவுதான்’ இல்லை. நான் மயக்க மருத்துவர், குடியாத்தம் பக்கம் நான்கைந்து சிறிய நர்சிங் ஹோம்களுக்குக் கூப்பிட்டால் போகிறவள். எந்த மருந்து என்று தினமும் முடிவு செய்வது நான்தான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இந்த மருந்து எதற்கு என்று பார்ப்போம். தூங்க வைப்பது வேறு, வலி தெரியாமல் செய்வது வேறு, தசையைத் தளர்த்துவது வேறு. வயிற்றுத் தசை இறுகியிருந்தால் லேப்ரோஸ்கோப்பியில் உள்ளே இடமே கிடைக்காது, மூச்சுக்குழாயில் டியூப் போடவும் சிரமம். 1942 ஜனவரி 23 அன்று கனடாவின் மான்ட்ரியலில் ஹரோல்ட் கிரிஃபித் என்பவரும் எனிட் ஜான்சன் என்பவரும் குராரே என்ற அம்பு நஞ்சிலிருந்து எடுத்த மருந்தை ஆபரேஷனில் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் தசை தளர வேண்டுமென்றால் ஈதரையே ஆழமாகக் கொடுக்க வேண்டும், அது இதயத்துக்கும் மூச்சுக்கும் ஆபத்து. இன்று நாம் விலை பேசிக்கொண்டிருக்கும் மருந்துகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

இப்போது கணக்கு. ஒரு குப்பியின் விலையைப் பார்ப்பது தப்பு, ஒரு ஆபரேஷனுக்கு எத்தனை குப்பி உடைகிறது என்று பார்க்க வேண்டும். வெக்குரோனியம் ஒரு கிலோவுக்கு 0.1 மி.கி. கொடுப்போம். மச்சான் 65 கிலோ என்று வைத்துக்கொண்டால் முதல் டோஸ் 6.5 மி.கி., 4 மி.கி. குப்பி இரண்டு உடைக்க வேண்டும், மிச்சம் ஒன்றரை மி.கி. பிறகு டாப்-அப்புக்கு, அதாவது இடையில் கொடுக்கும் கூடுதல் டோஸுக்கு, ஆகும். கிட்டத்தட்ட ஒன்றும் வீணாகவில்லை. அட்ராகுரியம் கிலோவுக்கு 0.5 மி.கி., ஆம்பியூல் 25 மி.கி. 50 கிலோ ஆளுக்கு முதல் டோஸ் சரியாக ஒரு ஆம்பியூல். 56 கிலோ என்றால் 28 மி.கி., அந்த 3 மி.கி.க்காக இரண்டாவதை உடைக்க வேண்டும், ஆபரேஷன் அரை மணியில் முடிந்துவிட்டால் மிச்சம் 22 மி.கி. குப்பைக்கு. ரோகுரோனியம் கிலோவுக்கு 0.6 மி.கி., குப்பி 50 மி.கி., 60 கிலோ ஆளுக்கு 36 போக 14 மீதி, ஒரு டாப்-அப்புக்கு வரும். ஆக குப்பி விலை அதிகமாகத் தெரியும் மருந்து ஒரே குப்பியில் முடிந்துவிடுகிறது, மலிவானதை இரண்டு மூன்று உடைக்கிறோம். இந்த எடைக் கணக்கு எந்தப் பில்லிலும் தெரியாது.

அப்புறம் ஆள் யார் என்பது. வெக்குரோனியம் உடைந்து வரும் பொருளுக்கும் தசையைத் தளர்த்தும் குணம் உண்டு, சிறுநீரகம் கெட்டவருக்கு அது உடலில் தங்கி நீடிக்கும். உயிருள்ள கொடையாளரிடமிருந்து நாட்டிலேயே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் நடந்தது நம் வேலூர் சி.எம்.சி.யில்தான், இன்றும் டயாலிசிஸ் நோயாளிகள் எங்கெங்கிருந்தோ இந்த ஊருக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நான் அட்ராகுரியம்தான் எடுப்பேன். அது சிறுநீரகத்தையோ ஈரலையோ பெரிதாக நம்பியில்லை, உடல் சூட்டிலும் ரத்தத்தின் காரத்தன்மையிலும் தானாகவே உடைந்துபோகும். ஹாஃப்மன் சிதைவு என்று பெயர். அந்த ஆளுக்கு விலை பார்த்து வெக் போட்டு, அவர் இரண்டு மணி நேரம் கூடுதலாக வென்டிலேட்டரில் கிடந்தால் அந்தச் செலவை யார் எழுதுவது?

#5 ஆற்காடு ஓ.டி. டெக்னீஷியன்

டாக்டர் சொன்ன ஹாஃப்மன் சமாச்சாரத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அது எங்கள் தலையில் விழும். உடல் சூட்டில் உடைகிற மருந்து ஊர்ச் சூட்டிலும் உடையும்தானே. அதனால்தான் அட்ராகுரியத்தை 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்கிறார்கள். ஃபிரிட்ஜில் இருந்தால் வருடத்துக்கு 6 சதவீதம் வீரியம் குறையும், 25 டிகிரியில் வெளியே வைத்தால் மாதத்துக்கே 5 சதவீதம், வெளியே எடுத்தால் 14 நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். 25 டிகிரிக்கே இந்தக் கதி. வேலூர் ஜில்லாவில் கத்திரி வெயிலில் 40ஐத் தாண்டுகிறது. மின்சாரம் போய், இன்வெர்ட்டரில் ஓ.டி. லைட்டும் மானிட்டரும் மட்டும் ஓடி, ஃபிரிட்ஜ் அணைந்து கிடந்ததை நான் வேலை பார்த்த ஒரு சின்ன இடத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வழக்கமான டோஸில் தசை சரியாகத் தளரவில்லை, டாக்டர் இன்னொரு ஆம்பியூல் உடைக்கச் சொன்னார். அந்த இரண்டாவது ஆம்பியூல் நோயாளி பில்லில் ஏறியது. மருந்தைச் சூட்டில் விட்டது நாங்கள், காசு கட்டியது அவர். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

வெக்குரோனியம் பொடி. சாதாரண அறையில் இருக்கும், வேண்டும்போது தண்ணீர் விட்டுக் கலக்கலாம். ஜவ்வாது மலை அடிவாரத்திலோ சின்ன டவுனிலோ இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வெக் நல்லது என்பேன்.

#6 ஆம்பூர் வாசகி

எல்லாவற்றையும் விட ஸ்கோலின் மலிவு என்று மேலே மருந்தாளுநர் ஐயா எழுதியிருக்கிறார். 10 மி.லி. குப்பியில் 500 மி.கி. இருக்கிறது என்று படித்தேன், ஒரு ஆளுக்குச் சுமார் 100 மி.கி. போதுமாம். அப்படியானால் டியூப் போட எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்தினால் என்ன? என் மகளுக்கு அடுத்த மாதம் டான்சில் ஆபரேஷன், அதனால் கேட்கிறேன்.

#7 மயக்கவியல் குடியாத்தம்

நல்ல கேள்வி அக்கா. ஸ்கோலின் ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்யும், ஐந்து பத்து நிமிடத்தில் போய்விடும். வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டு விபத்தில் வருகிறவருக்கு நான் இன்னும் அதைத்தான் கையில் வைத்திருக்கிறேன். ஆனால் அது டியூப் போடுவதற்கு மட்டும், ஒரு மணி நேர ஆபரேஷனுக்குப் பிறகு வேறொன்று வேண்டும். தீக்காயம் பட்டுச் சில நாட்கள் ஆனவருக்கு, கை கால் வராமல் படுத்திருப்பவருக்கு, தசை நோய் உள்ள குழந்தைக்கு ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தையே நிறுத்திவிடும். குழந்தைகளில் அந்தத் தசை நோய் வெளியே தெரியாமலும் இருக்கலாம், அதனால் சாதாரண டான்சிலுக்கு நாங்கள் பெரும்பாலும் அதைத் தவிர்ப்போம், அவசரத்துக்கு மட்டும்.

இன்னொன்று நம் பக்கம் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டியது. ஸ்கோலினை உடைப்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி வேலை செய்யாது, ஐந்து நிமிட மருந்து பல மணி நேரம் நிற்கும். ஆரிய வைசியக் குடும்பங்களில் இது மற்றவர்களை விட அதிகம் என்று நம் நாட்டு மயக்க மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரியும், அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் எழுதினார்கள். இதில் அந்தக் குடும்பங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, சாதாரண வாழ்க்கையில் ஒரு தொந்தரவும் வராது. ஆனால் ‘ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் பெரியப்பாவுக்கு மூச்சு வர ரொம்ப நேரம் ஆனது’ என்று வீட்டில் யாராவது சொன்னதுண்டென்றால் மயக்க மருத்துவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். ஏணியின் கீழ்ப்படி மருந்து அன்றைக்கு ஐ.சி.யூ. செலவாக மாறிவிடும்.

#8 வாலாஜா கணக்கர்

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொள்முதலும் காப்பீட்டுக் கணக்கும் பார்க்கிறேன், என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிற நோயாளிக்கு ஒரு ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று பேக்கேஜ், மருந்து எல்லாம் அதற்குள் அடக்கம். அங்கே சுகாமாடெக்ஸ் உடைத்தால் ஆஸ்பத்திரிக்கு நஷ்டம், அதனால் வெக், நியோஸ்டிக்மின் என்றுதான் போகும். கையிலிருந்து காசு கட்டுகிறவருக்குத் தனித்தனி பில், அங்கே விலை அதிகமான மருந்து வந்தால் யாரும் தடுப்பதில்லை. இதை நான் சரி என்று சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். அரசு ஆஸ்பத்திரி என்றால், அடுக்கம்பாறை ஆகட்டும் எங்கள் வாலாஜா ஆகட்டும், 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதுக்கும் சேர்த்து டெண்டர் விட்டு வாங்கிக் கொடுக்கிறது, நோயாளிக்கு இலவசம்.

ஒன்று மட்டும் கணக்குப் பார்க்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன். தியேட்டர் ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் செலவு இருக்கிறது, நர்ஸ், டெக்னீஷியன், ஆக்சிஜன், ஏசி. மருந்தில் மிச்சம் பிடித்து நோயாளி முழிக்க அரை மணி காத்திருந்தால் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடுகிறது.

#9 பாலாறு

அப்படியென்றால் காப்பீட்டு அட்டையோடு வருகிற ஏழைக்கு மட்டமான மருந்து, காசு கட்டுகிறவனுக்கு நல்ல மருந்து என்று ஆகிறதே. இது இன்னும் மோசம்.

#10 மயக்கவியல் குடியாத்தம்

இல்லை, வெக்குரோனியம் மட்டமான மருந்து இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். சரியாகக் கொடுத்து சரியாக முறித்தால் பெரும்பாலான ஆபரேஷனுக்கு அது போதும். வித்தியாசம் வருவது முறிக்கும் நேரத்தில். தளர்ச்சி பாதிக்கு மேல் மீண்ட பிறகுதான் நியோஸ்டிக்மின் நன்றாக வேலை செய்யும், ஆழமாகத் தளர்ந்திருக்கும்போது எவ்வளவு கொடுத்தாலும் ஒரு எல்லைக்கு மேல் ஏறாது. அந்த நிலையில் அவசரப்பட்டு டியூபை எடுத்தால் நோயாளியால் இருமவும் முடியாது, மூச்சும் ஆழமாக இழுக்க முடியாது. தலையை ஐந்து நொடி தூக்கச் சொல்லிப் பார்ப்பது பழைய வழக்கம், அதை நம்பி இருக்க முடியாது. மணிக்கட்டு நரம்பில் நான்கு சிறு மின்துடிப்பு கொடுத்துக் கட்டைவிரல் அசைவை அளக்கும் கருவி இருக்கிறது, நான்காவது அசைவு முதல் அசைவில் 90 சதவீதமாவது வந்தால்தான் டியூப் எடுக்கலாம். 2023இல் அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கமும் இதைத்தான் வழிமுறையாகச் சொன்னது.

எனக்கு ஆசை என்னவென்றால் ஒவ்வொரு தியேட்டரிலும் அந்தக் கருவி ஒன்று இருக்க வேண்டும். ஒரு முறை வாங்கினால் வருடக்கணக்கில் வரும். யாருக்கு நியோஸ்டிக்மின் போதும், யாருக்கு உண்மையிலேயே சுகாமாடெக்ஸ் தேவை என்று அது காட்டிவிடும். கருவி இல்லாத இடத்தில்தான் ஒன்று பயந்து எல்லோருக்கும் விலை அதிகமானதை உடைக்கிறார்கள், அல்லது மலிவானதைக் கொடுத்துவிட்டு சாமியைக் கும்பிடுகிறார்கள்.

#11 ஆற்காடு ஓ.டி. டெக்னீஷியன்

ஒரு நிமிடம். காட்பாடி தம்பி, முதல் பதிவை இப்போதுதான் மறுபடி படித்தேன். அம்மா பில்லில் அட்ராகுரியம், சுகாமாடெக்ஸ் இரண்டும் இருக்கிறதா? வெக்கோ ரோகுரோனியமோ இல்லையா? டாக்டர் மேடம், கொஞ்சம் பாருங்கள்.

#12 மயக்கவியல் குடியாத்தம்

நானும் முதல் முறை படிக்கும்போது விட்டுவிட்டேன். சுகாமாடெக்ஸ் ஒரு சர்க்கரை மூலக்கூறு வளையம், ரோகுரோனியத்தையும் வெக்குரோனியத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளும். அட்ராகுரியத்தின் வடிவம் வேறு, அந்த வளையத்துக்குள் அது போகாது. அட்ராகுரியத்தை முறிக்க சுகாமாடெக்ஸ் கொடுத்து ஒரு பயனும் இல்லை, எந்த மயக்க மருத்துவரும் தெரிந்து அப்படிச் செய்யமாட்டார்.

உடனே யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். இதற்கு வழி பல. ரோகுரோனியம் கொடுத்திருந்து பில்லில் எழுத விட்டிருக்கலாம். அவசரத்துக்குப் பக்கத்தில் எடுத்து வைத்து, உடைக்காமலே கணக்கில் ஏறியிருக்கலாம். வேறொரு நோயாளியின் வரி மாறி வந்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போய் மெடிக்கல் ரெக்கார்ட் பிரிவில் ‘மயக்க மருந்துப் பதிவேடு’ நகல் கேளுங்கள், எத்தனை மணிக்கு எந்த மருந்து எத்தனை மி.கி. என்று அதில் எழுதியிருக்கும். நோயாளியின் பதிவுகளைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, கேட்டு 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. அம்மாவின் எடை எவ்வளவு, ஆபரேஷன் எவ்வளவு நேரம் நடந்தது?

#13 காட்பாடிக்காரன்

அம்மா 48 கிலோ மேடம். உள்ளே கொண்டுபோனதிலிருந்து வெளியே வர இரண்டரை மணி, ஆபரேஷன் மட்டும் ஒன்றரை மணி என்று சொன்னார்கள்.

#14 மயக்கவியல் குடியாத்தம்

அப்படியானால் முதல் டோஸ் 24 மி.கி., ஒரு ஆம்பியூல். பிறகு இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை 5 மி.கி. என்றால் இன்னும் 15, 20. மொத்தம் இரண்டு ஆம்பியூல்தான் வருகிறது. நான்கு எப்படி என்பதையும் பதிவேட்டில் பாருங்கள். கை தவறி உடைந்ததாகவும் இருக்கலாம், கேட்டால்தான் தெரியும்.

#15 சத்துவாச்சாரி மருந்தாளுநர்

இந்தப் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது, புதியவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு சீட்டைக் கொடுத்து மருந்துகளை மொத்தமாக வாங்கி உள்ளே கொடுக்கச் சொல்வார்கள். நான்கு எழுதினால் நான்கும் தேவைப்படும் என்று அர்த்தம் இல்லை, போதாமல் போய்விடக் கூடாது என்று கூடுதலாக எழுதுவது. மீதியானதைத் திருப்பிக் கொடுத்தால் கடை பணம் தரும், சீல் பிரிக்காமல் இருக்க வேண்டும். ஆனால் ஃபிரிட்ஜ் மருந்து என்றால் கையில் வாங்கிப் பையில் போட்டு இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தால் நான்கூட எடுக்கமாட்டேன். அன்றைக்கே, தியேட்டரிலிருந்து நேரே கடைக்குப் போக வேண்டும். ‘ரிட்டர்ன் போட்டாச்சா’ என்று வார்டு சிஸ்டரிடம் அன்று மாலையே கேட்டுவிடுங்கள்.

#16 காட்பாடிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இன்று அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்வந்தேன். ஆஸ்பத்திரி பெயரை எழுதப் போவதில்லை, அங்கே பேசியவர்கள் மரியாதையாகவே பேசினார்கள்.

பதிவேட்டு நகல் கொடுத்தார்கள். அட்ராகுரியம் மொத்தம் 40 மி.கி. என்று இருக்கிறது, மேடம் போட்ட கணக்கு அப்படியே. முறிக்க நியோஸ்டிக்மினும் கிளைக்கோபைரோலேட்டும். சுகாமாடெக்ஸ் என்ற பெயரே அதில் இல்லை. பில்லிங் கவுண்டரில் காட்டினேன், ஃபார்மசியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். தியேட்டருக்கு ஒரு ட்ரே அப்படியே போகும், எல்லாவற்றையும் பில் போட்டுவிட்டு உடைக்காததைப் பிறகு கழிப்பார்கள், அன்றைக்குக் கழிக்கவில்லை என்று சொன்னார். சுகாமாடெக்ஸ் ஒன்றும் அட்ராகுரியம் இரண்டும் கழித்து, நியோஸ்டிக்மின் விட்டுப்போயிருந்ததைச் சேர்த்து, புது பில் கொடுத்தார்கள். மீதிப் பணம் அம்மா கணக்குக்குத் திங்கட்கிழமை வரும்.

இப்போது இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்தால் அம்மாவுக்கும் மச்சானுக்கும் மருந்து வகையில் பெரிய வித்தியாசம் இல்லை.

#17 ஆம்பூர் வாசகி

மகளின் டான்சில் ஆபரேஷனுக்கு மயக்க மருத்துவரைப் பார்க்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். எடை 19 கிலோ. என் மாமியாரிடம் கேட்டேன், வீட்டில் யாருக்கும் மயக்கம் தெளியத் தாமதம் ஆனதில்லையாம். அதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகிறேன்.

#18 ஆற்காடு ஓ.டி. டெக்னீஷியன்

அக்கா, தாளில் கடைசியாக எப்போது சாப்பிட்டாள், சளி இருக்கிறதா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.